மின்கிற்றாரின் ஒலியும் மாற்றுப் பிக்கப்பின் தெரிவும்

நமது கல்லூரியின் ஆய்வுகூடத்திற் பௌதிகவியல் பயின்றோர் ஒரு காட்சியை மறந்திரார். செப்புக் கம்பிச் சுருளொன்றினுள்ளே காந்தச் சட்டத்தை நுழைத்தவுடன் கல்வனோமானியின் முள் ஒரு பக்கஞ் சாயும்; வெளியே இழுத்தவுடன் மறுபக்கஞ் சாயும்; காந்தம் அசையாதிருப்பின் முள்ளும் அசையாதிருக்கும். மைக்கேல் பரடே 1831ஆம் ஆண்டிற் கண்ட மின்காந்தத் தூண்டல் என்னும் உண்மை இதுவே. பரீட்சைத் தாளில் இதனை எழுதிப் புள்ளி பெற்றபின் நம்மிற் பெரும்பாலோர் இதனை மறந்துவிட்டோம். ஆயினும் கல்லூரி மண்டபத்தில் இன்று மாணவரொருவர் மின்கிற்றாரை மீட்டும்போது, நாம் செவியாற் கேட்பது அன்று கண்ணாற் கண்ட அந்த முள்ளின் அசைவையேயாம்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டியவர் அத்தகைய மாணவரொருவரே. அவருடைய தமையனார் கடல்கடந்து தொழிலுக்குச் சென்றபோது தம் கிற்றாரைத் தம்பியிடம் விட்டுச் சென்றிருந்தார். அதன் ஒலி கூர்மையாய்ச் செவியைக் குத்துகிறதென்றும், தடித்த தந்திகளில் சுருதி நில்லாது தளும்புகிறதென்றும், மண்டபத்தில் வாசிக்கும்போது இரைச்சல் பொறுக்க முடியவில்லை என்றும் அவர் எம்மிடம் முறையிட்டார். கருவியின் மரத்தை உளியாற் குடைந்து, பெரியதொரு பிக்கப்பைப் பொருத்தலாமென்று நண்பர்கள் கூறினராம். அதற்கெனச் சேர்த்த பணமும் சட்டைப்பையில் இருந்தது. “ஐயா, எந்தப் பிக்கப் நல்லது?” என்று கேட்டார்.

நாம் சொன்னது இதுதான்: “தம்பி, எது நல்லதென்று கேட்பதற்குமுன் எது குறைவென்று கேளும். ஒரு கிழமை பொறும். உளியை எடுக்க வேண்டாம்.”

குறை இன்னதென்று அறியாது உறுப்பை மாற்றுபவன், நோயறியாது மருந்துண்பவனை ஒப்பான். மாற்றுப் பிக்கப் தெரிதலின் சாரம் முழுவதும் இவ்வொன்றில் அடங்கும். ஏனையவற்றை முறையே விளக்குவோம்.

பிக்கப் என்பது யாது?

வீணைக்குக் குடமுண்டு, தந்தியின் சிறு நாதத்தைக் குடம் வாங்கி வளர்த்துக் காற்றிற் பரப்புகின்றது. கட்டையான உடலையுடைய மின்கிற்றாருக்கு அத்தகைய குடம் இல்லை. மின்சாரம் இன்றி அதனை மீட்டினால் அடுத்த அறையில் இருப்பவருக்கும் கேளாது. குடத்தின் கடமையை அங்கே அம்பிளிபயர் செய்கிறது. தந்தியின் அதிர்வை மின்னாக்கி அம்பிளிபயருக்கு அனுப்பும் உறுப்பே பிக்கப் ஆகும்.

அதன் அமைப்பு மிக எளிது. உருக்குத் தந்திகளின் கீழே காந்தங்கள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றி மயிரினும் மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றாகச் சுற்றப்பட்டிருக்கிறது. காந்தத்தின் அண்மையில் நிற்கும் உருக்குத் தந்தி தானும் சிறிது காந்தமாகின்றது. அது அதிரும்போது சுருளினூடு செல்லுங் காந்தப்பாயம் மாறுகின்றது. மாறவே சுருளில் மின்னழுத்தந் தோன்றுகின்றது. ஆய்வுகூடத்திலே கையால் அசைத்த காந்தத்தின் தொழிலை இங்கே தந்தி செய்கிறது. நைலோன் தந்தி பூட்டிய கிற்றாருக்கு இவ்வகைப் பிக்கப் பயன்படாமைக்குக் காரணமும் இதுவே.

அமெரிக்காவில் ஜோர்ஜ் பீச்சம் என்பவர் 1931ஆம் ஆண்டளவில் இத்தகைய பிக்கப் ஒன்றை ஆக்கினார். அடோல்ப் றிக்கன்பாக்கருடன் சேர்ந்து அதனைப் பொருத்திய அலுமினியக் கிற்றாரை 1932இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். வட்டமான உடலும் நீண்ட தண்டும் உடைமையால் அதனைப் ‘பொரிக்குஞ் சட்டி’ என்று மக்கள் வேடிக்கையாக அழைத்தனர். அதற்குரிய காப்புரிமை 1937இற் கிடைத்தது. குதிரை லாட வடிவான இரு காந்தங்கள் அதன் தந்திகளுக்கு மேலாக வளைந்து நின்றன. பின்வந்தோர் காந்தத்தைத் தந்திக்குக் கீழே இறக்கினர், அடிப்படை மாறவில்லை.

ஒற்றைச் சுருளும் இரட்டைச் சுருளும்

பிக்கப்புகளைப் பொதுவாக இரு குலமாகப் பிரிக்கலாம்.

முதலாவது ஒற்றைச் சுருள். 1954ஆம் ஆண்டில் லியோ பெண்டரின் நிறுவனம் வெளியிட்ட ஸ்ரற்றோகாஸ்ரர் என்னுங் கிற்றாரில் இவ்வகை மூன்று உள. தண்டின் ஓரத்தில் ஒன்றும், நடுவில் ஒன்றும், குதிரையின் ஓரத்தில் ஒன்றுமாக அவை அமைந்திருக்கும். அதன் ஒலி தெளிந்தது, மணியொலிபோன்ற பளபளப்புடையது. குறை யாதெனின், அச்சுருள் தந்தியை மட்டுமன்றி அண்மையிலுள்ள மின்மாற்றி, விளக்கு முதலியவற்றின் காந்தமண்டலத்தையும் ஏற்றுக்கொள்கின்றது. இலங்கையில் மின்வழங்கல் செக்கனுக்கு 50 சுற்றாதலின், அவ்வெண்ணும் அதன் மடங்குகளும் இரைச்சலாய் வந்து கலக்கின்றன.

இரண்டாவது இரட்டைச் சுருள். கிப்சன் நிறுவனத்திற் பணியாற்றிய சேத் லவர் என்னும் பொறியியலாளர் இக்குறையைத் தீர்க்க ஓர் உபாயங் கண்டார். இரு சுருள்களை அருகருகே வைத்து, ஒன்றின் காந்தமுனையையும் சுற்றுத் திசையையும் மற்றதற்கு எதிராக்கினார். புறத்தேயிருந்து வரும் இரைச்சல் இரு சுருளிலும் எதிரெதிராய்த் தோன்றித் தம்முள் அழிகின்றது. தந்தியின் அதிர்வோ, காந்தமும் எதிராகவிருத்தலின், இரண்டிலும் ஒரே திசையில் தோன்றிக் கூடுகின்றது. 1955இல் விண்ணப்பித்த இதற்கு 1959இற் காப்புரிமை கிடைத்தது. 1957 முதலே கிப்சனின் லெஸ் போல் கிற்றார்களில் இது பொருத்தப்பட்டது. இரைச்சலை அடக்குவதென்னும் பொருளில் இதனை ஹம்பக்கர் என்பர். இதன் ஒலி தடித்தது, வலியது. ஆனால் ஒற்றைச் சுருளின் பளபளப்பு இதில் முழுமையாக இராது.

ஒருகாலத்திற் கருவியை ஆக்கியோர் பொருத்திய பிக்கப்புடனேயே வாசிப்போர் அமைதிகொண்டனர். மாற்றுவதற்கென்றே தனியாக ஆக்கி விற்கப்பட்டவற்றுள் முதலாவது, லரி டிமார்சியோ 1972இல் வெளியிட்ட ஹம்பக்கர் என்று பொதுவாகக் கொள்வர். சீமோர் டங்கனின் நிறுவனம் 1976இற் கலிபோர்ணியாவில் தோன்றியது. இன்றோ தெரிந்தெடுக்க முடியாத அளவுக்கு வகைகள் பெருகிவிட்டன. பெருக்கமே குழப்பத்துக்கு வித்தாயிற்று.

எண்கள் கூறுவதும் கூறாததும்

விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ்நூலில் நரம்பின் இசையை எண்ணாலும் அளந்து காட்டினார். இசையும் கணிதமும் பகையல்ல என்பதற்கு அதனிற் சிறந்த சான்று நமக்கு வேண்டா. பிக்கப்பின் குணத்தையும் எண்ணால் ஒருவாறு அறியலாம். ஆனால் எந்த எண் என்பதே வினா.

கடைகளில் விற்போர் முதலிற் கூறுவது தடையின் அளவு. பழைய முறையில் அமைந்த ஒற்றைச் சுருளுக்கு ஏறத்தாழ 6 கிலோஓம், பழைய ஹம்பக்கருக்கு ஏறத்தாழ 8 கிலோஓம், வலிமை மிக்கதென்று விற்கப்படுபவற்றுக்கு 13 அல்லது 16 கிலோஓம் என்றவாறு அட்டையில் அச்சிட்டிருப்பர். தடை கூடினால் ஒலியும் வலுக்குமென்று வாங்குவோர் நம்புகின்றனர். இந்நம்பிக்கை அரை உண்மையே. சுற்று கூடினால் தடை கூடுமென்பது மெய். ஆனால் கம்பி மெலிந்தாலும் தடை கூடும். பிக்கப்பிற் பெரிதும் வழங்கும் 42ஆம் இலக்கக் கம்பியின் விட்டம் ஏறத்தாழ 0.063 மில்லிமீற்றர், 43ஆம் இலக்கக் கம்பியின் விட்டம் 0.056 மில்லிமீற்றர். எனவே 6 கிலோஓம் உள்ள சுருளை அதே சுற்றெண்ணிக்கையில் 43ஆம் இலக்கக் கம்பியாற் சுற்றினால் தடை 7.5 கிலோஓம் அளவுக்கு உயரும். சுற்று ஒன்றேனும் கூடவில்லை. இன்னும், செப்பின் தடை வெப்பத்தால் உயர்வது. வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் தடை ஏறத்தாழ நூற்றுக்கு 4 பங்கு கூடும். காலையில் 8.0 காட்டிய பிக்கப் நண்பகலில் 8.3 காட்டினால், அது நண்பகலில் வலிமை பெற்றுவிட்டதென்று எவருங் கூறார்.

ஒலியின் பண்பை இதனினும் நன்றாகக் காட்டும் எண் தூண்டுதிறன். சுருளின் தூண்டுதிறனும், கருவியை அம்பிளிபயருடன் இணைக்கும் கேபிளின் கொள்ளளவமும் சேர்ந்து ஒரு பரிவை உண்டாக்குகின்றன. ஊஞ்சலை அதன் இயல்பான காலத்துக்கு இசைய உந்தினால் சிறு விசையும் பெரிய வீச்சைத் தருமன்றோ? அதுபோல, அப்பரிவு மீடிறனை அடுத்த மேற்றொனிகள் எடுப்பாகக் கேட்கும். அதற்கு மேற்பட்டவை விரைவிற் குன்றும். இவ்வெடுப்பு எங்கே விழுகிறதென்பதே, ஒலி பளபளப்பா, தடிப்பா, மங்கலா என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்கின்றது.

உயர்தர வகுப்பு மாணவர் இதனைத் தாமே கணித்துப் பார்க்கலாம். கேபிளின் கொள்ளளவத்தை மீற்றருக்கு 100 பிக்கோபரட்டு என்றும், சுருளுக்குரிய கொள்ளளவத்தை 100 பிக்கோபரட்டு என்றுங் கொள்வோம். கேபிளின் நீளம் 5 மீற்றராயின் மொத்தம் 600. இந்நிலையில், 2.4 ஹென்றி தூண்டுதிறனுள்ள ஒற்றைச் சுருளின் எடுப்பு செக்கனுக்கு ஏறத்தாழ 4,200 அதிர்வில் விழும். 4.4 ஹென்றியுள்ள ஹம்பக்கரின் எடுப்பு 3,100இல் விழும். 8 ஹென்றியுள்ள வலிய ஹம்பக்கரின் எடுப்பு 2,300இல் விழும். மூன்று குலத்தின் குரல் வேறுபாட்டுக்கு இது முதற்காரணம்.

இனி ஒரு வியப்பைக் காண்க. அதே ஒற்றைச் சுருளுக்கு 5 மீற்றர்க் கேபிளை நீக்கி 10 மீற்றர்க் கேபிளை மாட்டுவோம். கொள்ளளவம் 600இலிருந்து 1,100 ஆகின்றது. எடுப்பு 3,100க்கு இறங்கிவிடுகின்றது. அஃதாவது, ஹம்பக்கரின் எடுப்பு நின்ற அதே இடத்துக்கு வந்துவிட்டது! மறுதலையாக 3 மீற்றர்க் கேபிளை மாட்டினால் எடுப்பு 5,100க்கு ஏறும். கேபிள் நீண்டதனால் ஒற்றைச் சுருள் ஹம்பக்கராகிவிடாது. இரு சுருளும் தந்தியை ஈரிடத்திற் கேட்பதால் வரும் வேறுபாடும் உளது. ஆயினும் செவியைக் குத்துங் கூர்மையைத் தணிக்க எண்ணியே பிக்கப்பை மாற்றப் புகுந்தவருக்கு, அதே கூர்மையை வெறுங் கேபிளும் தணிக்குமென்னும் உண்மை பணப்பையைக் காக்குமன்றோ?

ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மாறுந்தடையும் இவ்வாறே தன் பங்கைச் செய்கின்றது. ஒற்றைச் சுருளுள்ள கிற்றார்களில் 250 கிலோஓம் மாறுந்தடையும், ஹம்பக்கர் உள்ளவற்றில் 500 கிலோஓம் மாறுந்தடையும் பூட்டுவது வழக்கம். சிறிய பெறுமானம் எடுப்பின் உயரத்தை அமுக்கி ஒலியை மென்மையாக்கும். பெரியது அதனை ஓங்கவிட்டு ஒலியைக் கூராக்கும். ஒற்றைச் சுருளை நீக்கி ஹம்பக்கர் பூட்டியோர் பலர், பழைய 250ஐ மாற்றாதுவிட்டு, புதிய பிக்கப் மங்கலென்று பழிப்பர். ஆடத் தெரியாதவள் கூடங் கோணலென்ற கதை இதுவாகும்.

வாங்குமுன் செய்யவேண்டியவை

மாணவருக்கு நாம் விதித்த ஒருகிழமைத் தவணையில் முதல்நாட் செய்தது தந்திகளை மாற்றியது. துருவும் வியர்வையும் ஏறிய தந்தி தன் மேற்றொனிகளை இழந்துவிடும்; இழந்ததை எந்தப் பிக்கப்பும் மீட்டுத் தராது.

இரண்டாம்நாள் பிக்கப்புகளின் உயரத்தைப் பார்த்தோம். வலிமை வேண்டி எவரோ அவற்றைத் தந்தியோடு உராயுமளவுக்கு உயர்த்தியிருந்தனர். ஸ்ரற்றோகாஸ்ரர் போன்ற கருவிகளிற் காந்தக் கோல்களே தந்தியின் நேர்கீழே நிற்பதால், அவை தந்தியைத் தம்பால் இழுக்கும். மிக நெருங்கினால் தந்தியின் இயல்பான அதிர்வு கெடும்; ஒரு சுரம் இரு சுரம்போல் தளும்பும். தண்டோரப் பிக்கப்பின் மேலே செல்லுந் தடித்த தந்திகளில் இக்குறை மிகுதியாகத் தெரியும். தந்தியைக் கடைசி மெட்டில் அழுத்திக்கொண்டு, காந்தத்தின் தலைக்குந் தந்தியின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளந்தோம். தடித்த தந்திப் பக்கம் ஏறத்தாழ 2.4 மில்லிமீற்றரும், மெல்லிய தந்திப் பக்கம் ஏறத்தாழ 2 மில்லிமீற்றரும் வருமாறு திருகாணியைத் திருகி இறக்கினோம். சுருதித் தளும்பல் அக்கணமே மறைந்தது. செலவு ஏதுமில்லை.

மூன்றாம்நாள் கேபிளைப் பார்த்தோம். மாணவர் வீட்டில் வாசிக்க வாங்கிய 3 மீற்றர்க் கேபிளையே எங்கும் பயன்படுத்தினார். பழைய 10 மீற்றர்க் கேபிளொன்றை மாட்டி வாசிக்கச் சொன்னோம். கணக்கு மேசையிற் கூறியதைக் கருவி செவியிற் கூறியது. குத்துங் கூர்மை தணிந்தது. அவர் தாளில் எழுதிய எண்ணையும் கையிலிருந்த கேபிளையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்தார்.

எஞ்சியது இரைச்சல். அதிலும் இருவகையுண்டு. தந்தியைக் கையால் தொட்டவுடன் குறைவது நிலத்தொடுப்பும் மறைப்புந் தொடர்பானது. கருவியின் உட்புறத்தைச் செப்புத் தகட்டால் மூடி, நிலக்கம்பியைச் சீராக்கினால் பெரிதும் அடங்கும். கருவியோடு நாம் திரும்பும் திசைக்கேற்பக் கூடிக் குறைவது காந்தமண்டலத்தால் வருவது. அதனைச் செப்புத் தகடு தடுக்காது. மாணவரின் கருவியிற் கேட்டது இரண்டாவது வகையே. அதற்கு மற்றொரு சான்றும் கிடைத்தது. நடுப் பிக்கப்பின் காந்தமுனையும் சுற்றும் ஏனைய இரண்டுக்கும் எதிராக அமைந்திருந்தன. ஆகவே ஆளியை நடுப் பிக்கப்பும் குதிரையோரப் பிக்கப்புஞ் சேரும் நிலையில் வைத்தபோது இரைச்சல் அடங்கியது. குதிரையோரப் பிக்கப்பைத் தனித்து வைத்தபோது மீண்டும் எழுந்தது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. தந்தியையோ ஒலிவாங்கியையோ தொடும்போது கையில் விறுவிறுப்புத் தோன்றுமாயின், அது பிக்கப்பின் குறையன்று. அம்பிளிபயரிலோ மண்டபத்தின் மின்னிணைப்பிலோ உள்ள நிலத்தொடுப்புக் குறை. உடனே வாசிப்பை நிறுத்தி, மின்னை நீக்கி, தொழிலறிந்தவரைக் கொண்டு பார்ப்பிக்க வேண்டும். இதனால் உயிரிழந்தோரும் உளர்.

குறைக்கேற்ற தெரிவு

இத்தனையுஞ் செய்தபின்பும் எஞ்சி நிற்குங் குறையே மாற்றுப் பிக்கப்பாற் தீர்க்கத்தக்கது. தெரிவை இவ்வாறு வகுக்கலாம்.

ஒலி பளபளப்பாயினும் மெலிந்திருக்கிறதென்றால், சற்றே கூடிய சுற்றுள்ள, தூண்டுதிறன் மிதமாக உயர்ந்த ஒற்றைச் சுருளை நாடலாம். ஒலி மங்கியிருக்கிறதென்றால் வலியதை வாங்குதல் தவறு. சுற்றுக் குறைந்ததையே வாங்கவேண்டும். அம்பிளிபயரை உடைந்த முழக்கமாய் ஒலிக்கச் செய்ய வேண்டுமென்றால் வலிய ஹம்பக்கர் உதவும். ஒலியில் விருப்பமும் இரைச்சலில் வெறுப்பும் உள்ளவருக்கு, ஒற்றைச் சுருளின் அளவிலேயே இரு சுருளை மேலுங் கீழுமாகவோ பக்கம்பக்கமாகவோ அடக்கிய வகையுண்டு, மரத்தைக் குடையவேண்டியதில்லை.

காந்தத்தையுங் கவனிக்க. அலுமினியம், நிக்கல், கோபாற்று என்பன சேர்ந்த அல்னிக்கோ என்னுங் கலப்புலோகம் பெரிதும் வழங்குகின்றது. அதன் இரண்டாம் இலக்க வகை வலிமை குறைந்தது; ஐந்தாம் இலக்க வகை வலியது. செரமிக் காந்தத்தை வலிய ஹம்பக்கர்களில் மிகுதியாகக் காணலாம். காந்தம் வலுத்தால் ஒலி வலுக்கும். தந்தியை இழுப்பதும் வலுக்கும் என்பதை மறத்தலாகாது.

எந்தப் பிக்கப்பும் மாற்றமுடியாதது ஒன்றுண்டு. அது நிற்கும் இடம். ஸ்ரற்றோகாஸ்ரரின் தந்தி நீளம் 648 மில்லிமீற்றர். தண்டோரப் பிக்கப், குதிரையிலிருந்து ஏறத்தாழ அதன் நாலிலொரு பங்கில் நிற்கின்றது. திறந்த தந்தியின் நாலாம் இசையம் அவ்விடத்தில் அசையாக் கணு ஆதலின், அதனை அப்பிக்கப் அரிதாகவே கேட்கும். தண்டோர ஒலியின் மிருதுவும் குதிரையோர ஒலியின் கூர்மையும் முதலில் இடத்தால் வந்தவை. சுருளால் வந்தவை அல்ல. குதிரையோரத்தில் தண்டோரத்தின் குழைவை எதிர்பார்த்துப் பிக்கப்பின்மேற் பிக்கப்பாக வாங்குவோர் ஏமாறுவர்.

வாங்குமுன் அளந்தறிய வேண்டியனவும் சில உள. முதலாந் தந்திக்கும் ஆறாந் தந்திக்கும் இடையேயுள்ள அகலம் கருவிக்குக் கருவி மாறும். பிக்கப்பின் முனைகள் அதற்கு இசைய வேண்டும். வேறு ஆக்கியோரின் பிக்கப்பைப் பழையதோடு சேர்த்தால் மின்திசை முரண்பட்டு, இரண்டுஞ் சேர்ந்த ஒலி மெலிந்து மூக்கொலியாகலாம். முள்ளுள்ள பல்மானியைப் பிக்கப்பின் இரு கம்பிகளிலும் இணைத்து, திருகாணிச் செலுத்தியின் இரும்பு நுனியால் முனையைத் தொட்டால் முள் ஒருபக்கம் உதறும். இரு பிக்கப்பிலும் ஒரேபக்கம் உதறுமாறு கம்பிகளை இணைத்தல் முறை. எதிர்முனையும் எதிர்ச்சுற்றும் உடைய நடுப் பிக்கப்பும் இச்சோதனையில் ஏனையவற்றோடு ஒத்தே உதறும். காந்தமுனை எதுவென்பதைத் திசைகாட்டியே காட்டிவிடும். பரடேயின் பாடம் இங்கும் உதவுகிறது.

தன் குறையை அறிந்து மாற்றியவருக்கு எடி வான் ஹேலன் நல்ல உதாரணம். ஸ்ரற்றோகாஸ்ரர் வடிவக் கருவியின் கைப்பழக்கமும் கிப்சனின் தடித்த ஒலியும் ஒருங்கே வேண்டினார். ஆகவே கிப்சன் கிற்றாரொன்றின் ஹம்பக்கரை அத்தகைய உடலின் குதிரையோரத்திற் பொருத்தினார். அது கீச்சிடாதிருக்க மெழுகிலே தோய்த்தார். 1978இல் வெளிவந்த அவர்தம் குழுவின் முதல் இசைத்தட்டில் அவ்வொலியை உலகங் கேட்டது. அவர் மரத்தைக் குடைந்தது உண்மை. ஆனால் ஏன் குடைகிறோமென்பதை அறிந்தே குடைந்தார்.

முடிவு

நம் மாணவர் ஈற்றில் வாங்கியது மூன்றல்ல, ஒன்றே. ஒற்றைச் சுருளின் அளவில் இரு சுருள் அடங்கிய பிக்கப் ஒன்றைக் குதிரையோரத்திற் பொருத்தினார். அதனால் ஓர் இழப்பும் உண்டென்பதை முன்னரே சொல்லியிருந்தோம். இரைச்சலைத் தானே அழிக்கும் பிக்கப், நடுப் பிக்கப்பின் இரைச்சலை அழிக்கமாட்டாது. ஆகவே இரண்டுஞ் சேரும் நிலையில் முன்னிருந்த அமைதி சிறிது குலையும். பழைய பளபளப்பிலும் ஒரு துளி குறையும். அவர் பெரிதும் வாசிப்பது குதிரையோரப் பிக்கப்பைத் தனித்து வைத்தே. ஆதலின் இழப்பை அறிந்தே ஏற்றார். பற்றாசு வைக்கும் வேலையைத் தம் கையாலேயே செய்தார். கழற்றிய பழைய பிக்கப்பைத் தாளிற் சுற்றிப் பெட்டியில் வைத்துப் பெயரும் எழுதினார். தமையனார் திரும்பி வந்து தம் கருவி பழையபடி வேண்டுமென்றால், அரைமணி நேரத்தில் அதனை மீட்டுக் கொடுக்கலாம். குடைந்த மரத்தை எவராலும் மீட்டுக் கொடுக்க இயலாது.

கல்லூரி மண்டபத்தில் அவர் மீண்டும் வாசித்தபோது, பாட்டிடையே நிறுத்திய இடங்களில் மண்டபம் உண்மையாகவே அமைதியாயிருந்தது. இரைச்சல் நீங்கியதை அவையோர் அறிந்திரார். பாடல் நன்றாயிருந்ததென்று மட்டுமே கூறினர். அறிவியல் தன் கடமையைச் செய்து ஒதுங்கி நிற்கும்போது கலை தெரியும்.

இளைய மாணவர்களுக்கு ஒருவார்த்தை. நல்ல ஒலியை விலைகொடுத்து வாங்கலாமென்று உமக்குச் சொல்வோர் பலர் வருவர். அவர்களிடம் செல்லுமுன் ஒரு திருகாணிச் செலுத்தியும், ஓர் அளவுகோலும், ஆய்வுகூடத்திற் கற்ற பாடமுங் கொண்டு உம் கருவியை நீரே ஒருமுறை ஆராய்ந்து பாரும். அதன் பின்னும் குறை நிற்குமாயின், நிற்குங் குறைக்கு மட்டும் மருந்து தேடும்.